ஓஜெய்கெரேயின் பின்னந்தலைப் படங்கள்: கொண்டாட்டமா, மாதிரிப் பட்டியலா?

தெற்குத்தெரு:
நைஜீரியப் புகைப்படக்காரர் ஓஜெய்கெரேயின் சிகையலங்காரப் படங்களைப் பெரிய கலை என்று இங்கே எல்லோரும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறீர்கள். எனக்கு உடன்பாடில்லை. 1968-இல் தொடங்கி ஆயிரத்தை நெருங்கும் படங்கள், பாதிக்கு மேல் பின்னந்தலைதான். தலைப்பில் சடையின் பெயர் இருக்கிறது, அந்தப் பெண்ணின் பெயர் எங்கே? முடி வெட்டும் கடைச் சுவரில் ஒட்டுகிற மாதிரிப் படத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

கறுப்புவெள்ளை:
வேலைப்பாடு பின்னால் இருந்தால் பின்னாலிருந்துதானே எடுக்க வேண்டும்? நூல் சுற்றிய சடைகளைப் பெரிதாக்கிப் பாருங்கள். கத்தை கத்தையாகப் பிரித்து, அடியிலிருந்து நுனிவரை கறுப்பு நூலை நெருக்கிச் சுற்றி, விறைப்பாக நிற்கும் கத்தைகளை உச்சியில் வளைத்துச் சேர்த்திருப்பார்கள். வகிடெல்லாம் அளவெடுத்துப் போட்ட மாதிரி இருக்கும். கொஞ்ச நாளில் அவிழ்த்துவிடுகிற வேலை இது, அப்புறம் படம்தான் சாட்சி. நைஜீரியா விடுதலை பெற்று எட்டே ஆண்டில் ஒருவர் இதைக் கலை என்று பதிவு செய்யத் தொடங்கினார். அது சின்ன விஷயமா?

இருட்டறை:
சண்டைக்கு நடுவே ஒன்று. கறுப்பு முடியைக் கறுப்புத் திரைமுன் எடுத்தால் போச்சு, எல்லாம் ஒரே மை. அவர் வெளிர் பின்னணியில் எடுத்ததால்தான் பிசிறு முடிகூடத் தனியாகத் தெரிகிறது.

தெற்குத்தெரு:
சரி, கைத்திறன் தெரிகிறது. பின்னியவர் பெயரும் இல்லையே! நியூயார்க்கில் கறுப்பின மக்கள் வாழும் ஹார்லெம் பகுதியில் புகைப்படக்காரர் குவாமி பிராத்வைட் எடுத்ததைப் பாருங்கள். கறுப்பினப் பெண்கள் முடியைச் சூட்டுச் சீப்பால் இழுத்து நேராக்கினால்தான் மதிப்பு என்றிருந்த காலம். 1962-இல் அவரும் கூட்டாளிகளும் 'நேச்சுரலி 62' என்று மேடை நிகழ்ச்சியே நடத்தினார்கள். அதில் வந்த 'கிராண்டாசா' குழுவின் மாடல்கள் சுருள்முடியை அப்படியே விட்டு, நம் கண்ணை நேராகப் பார்க்கிறார்கள். அதுதான் உருவப்படம்.

கறுப்புவெள்ளை:
முகம் இருந்தால் போதுமா? 2017-இல் பிரிட்டனின் கிராசியா இதழ் நடிகை லுபிட்டா நியோங்கோவை அட்டையில் போட்டது. முகம் பளிச்சென்று இருந்தது. பின்னால் கட்டியிருந்த முடியைக் கணினியில் வழித்தெடுத்துவிட்டார்கள். உங்கள் கணக்குப்படி அது நல்ல உருவப்படம்.

தெற்குத்தெரு:
நீங்களே எனக்கு வாதம் எடுத்துக் கொடுக்கிறீர்கள். லுபிட்டாவுக்குப் பெயர் இருந்தது. மூலப்படத்தையும் அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேள்வி கேட்டார், புகைப்படக்காரர் மன்னிப்புக் கேட்டார். ஓஜெய்கெரே எடுத்த நைஜீரியப் பெண்ணின் பின்னந்தலை பாரிஸ், வெனிஸ் கண்காட்சிகளில் தொங்கியபோது, "அது நான்தான்" என்று அவர் எப்படிச் சொல்வார்?

கறுப்புவெள்ளை:
பெயர் எழுதியிருக்கலாம், அதில் மறுப்பில்லை. ஆனால் அதற்காகப் பட்டியல் என்று தள்ளாதீர்கள். தெருவிலும் அலுவலகத்திலும் விருந்திலும் தேடித் தேடி எடுத்தவர் அவர். பக்கவாட்டில், சில சமயம் முகம் நேராகத் தெரியும்படியும் எடுத்திருக்கிறார். அதையும் பார்த்துவிட்டு வாருங்கள், பேசுவோம்.

தெற்குத்தெரு:
பார்க்கிறேன். பெயர் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன்.