மறு: மறு: மூடினாலும் பாட்டு நிற்காத நிலைக்கு ஒரு சொல்

வணக்கம்.

லினக்ஸ் இயங்குதளத்தின் ‘அமைப்புகள்’ பக்கத் தமிழாக்கத்தை ஞாயிறு இரவுக்குள் ஒப்படைக்க வேண்டும். மடிக்கணினியை மூடினால் அது உறங்கிவிடும், ஓடுகிற பாட்டும் நின்றுவிடும். அப்படி உறங்காமல், மூடியபடியே பாட்டைத் தொடரவிடும் நிலைக்கு ஒரு பெயர் தேவை. திரை உள்ள மேல்பாதியான ‘லிட்’டுக்கு ‘மூடி’ என்று போட்டால் ‘மூடியை மூடினால்’ என்று வந்து நிற்கிறது. படிக்கவே கூச்சமாக இருக்கிறது. யாராவது கைகொடுங்கள்.
— செ.

அன்புள்ள செ. அவர்களுக்கு,

சொல்லைத் தேட வேண்டாம், இருக்கிறது: அறிதுயில். திருவரங்கத்தில் பள்ளிகொண்டவர் கண்மூடிக் கிடந்தபடி எல்லாம் அறிகிறார். உங்கள் கணினி கண்மூடிக் கிடந்தபடி பாடுகிறது. ‘துஞ்சுநிலை’ என்று யாரும் கிளம்ப வேண்டாம். துஞ்சுதல் உறக்கத்துக்கும் சாவுக்கும் பொது. குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் என்ற சோழன் மறுநாள் எழுந்திருக்கவில்லை.

இன்னொன்று. மூடும்போது கருவியை மடிக்கிறோம். ஆகவே அது மடித்த, மடிக்கின்ற, மடிக்கும் கணினி, வினைத்தொகை. ஊறுகாய், சுடுசோறு போல வல்லினம் மிகாமல் ‘மடிகணினி’ என்றே எழுத வேண்டும். ‘க்’ போட்டால் மடியில் வைக்கும் கணினி ஆகிவிடும். மேசையில் வைத்தால் என்ன செய்வீர்கள்? மடிக்குச் சோம்பல் என்ற பொருளும் உண்டு. ‘மடிமடிக் கொண்டொழுகும்’ என்ற குறளில் வரும் இரண்டு மடியையும் உரையாசிரியர்கள் எப்படிப் பிரிக்கிறார்கள் என்று பார்த்தால்...
— பு.

ஐயா, மடியைப் பிறகு பார்ப்போம். அறிதுயில் அழகுதான், ஆனால் இங்கே துயிலே இல்லையே! மூடும்போது பெரும்பாலும் ஒரு சிறு காந்தமும் அதை உணரும் சில்லும்தான் சேதி சொல்கின்றன. லினக்ஸின் அடிப்படை வேலைகளை நடத்தும் சிஸ்டம்டியில் லாகின்டி என்று ஒரு பகுதி உண்டு. அது சேதியைக் கேட்டு, இயல்பிருப்பில், அதாவது நாம் எதையும் மாற்றாதவரை, கணினியை இடைநிறுத்துகிறது. நினைவகத்துக்கு மட்டும் மின்சாரம், சிபியு நின்றுவிடும், பாட்டும் போச்சு. லாகின்டி.கான்ஃப் கோப்பில் ‘ஹேண்டில்-லிட்-ஸ்விட்ச்’ என்ற வரிக்கு ‘இக்னோர்’ என்று கொடுத்தால் சேதி வந்தும் கண்டுகொள்ளாது. வெளித்திரை செருகியிருந்தால் இயல்பாகவே அப்படித்தான். ஆக இது முழு விழிப்பு.

இதில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பாட்டுச் செயலி ‘உறங்காதே’ என்று ஒரு தடை போட்டிருந்தாலும் மூடியதும் கணினி உறங்கும். உறக்கத்துக்கான தடையை மூடல் மதிப்பதில்லை, இயல்பிருப்பே அப்படி. மூடலுக்கென்றே தனியாகத் தடை போட வேண்டும். எனவே ‘உறக்கத்தடை’, ‘மூடல்தடை’ என இரண்டு சொற்களும் வேண்டும். நிலைக்கு என் பரிந்துரை ‘மூடுவிழிப்பு’.
— இ.

> நிலைக்கு என் பரிந்துரை ‘மூடுவிழிப்பு’

மூடுபனி என்றால் மூடுகிற பனி. மூடுவிழிப்பு எதை மூடுகிறது?
— பு.

ஐயா, தம்பி, இரண்டு பேரும் ஒரு நாள் என் வகுப்புக்கு வாருங்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ‘லேப்டாப்ப மூடுனா பாட்டு நின்னுடுது மிஸ்’ என்கிறார்கள். அதில் ‘லிட்’டும் இல்லை, ‘மூடி’யும் இல்லை. கணினியையே மூடுகிறோம், அவ்வளவுதான். செ.யின் கூச்சத்துக்கு மருந்து அதுவே: ‘மடிக்கணினியை மூடும்போது’. தேர்வுகள்: உறங்கு, அணை, ஒன்றும் செய்யாதே. இதற்குப் பெயர்ச்சொல் எதற்கு? அறிதுயில் என்று திரையில் வந்தால் பிள்ளைகள் அதை அமுக்கவே பயப்படுவார்கள்.

அப்புறம் அந்த ‘க்’. 2011இல் அரசு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியதுமே அது ஊர் ஊராகப் போய்விட்டது. இனி யாராலும் பிடுங்க முடியாது.
— த.

அம்மா, பழகிவிட்டது என்பதால் பிழை இலக்கணம் ஆகிவிடாது. இப்படிச் சொல்லித்தான் ‘பேருந்து’க்கும் நாற்பது வருடம் சண்டை போட்டோம்.
— பு.

ஐயா, பேருந்தும் பலகையில்தான் இருக்கிறது. ஏறுகிறவர்கள் பஸ்ஸில்தான் ஏறுகிறார்கள்.
— த.

பெயர்ச்சொல் வேண்டும், த. அவர்களே. உதவிப் பக்கத்தில் ‘இந்நிலையில் பையில் வைக்காதீர்கள், சூடேறும்’ என்று எச்சரிக்க வேண்டியிருக்கிறது. எந்நிலையில்?
— இ.

நண்பர்களே, மணி பதினொன்று. பட்டியலில் ‘மடிக்கணினியை மூடும்போது: ஒன்றும் செய்யாதே’ என்று போட்டுவிட்டேன். உதவிப் பக்கத்தில் மட்டும் மூடுவிழிப்பு. பெரும்பாலோர் தலையசைத்தார்கள், மற்றவர்கள் தூங்கப் போய்விட்டார்கள் என்று நினைக்கிறேன். உறக்கத்தடை, மூடல்தடை இரண்டையும் எடுத்துக்கொண்டேன். கோப்பை அனுப்பியாயிற்று.
— செ.

என் மறுப்பைப் பதிவு செய்யுங்கள். அடுத்த பதிப்பில் மாற்றலாம் அல்லவா? மடிகணினி பற்றி நாளை விரிவாக எழுதுகிறேன்.
— பு.