டைம்ஷேரை விற்க உதவி வேண்டும்

தக்கலையிலிருந்து எழுதுகிறேன். 2013-ல் நாகர்கோவிலில் ஒரு ஓட்டல் கூட்டத்துக்குப் போன அப்பா, அங்கேயே 25 வருட டைம்ஷேர் (பணம் கட்டி, வருடம் சில நாள் கம்பெனியின் விடுதிகளில் தங்கும் உரிமை) ஒன்றில் சேர்ந்துவிட்டார். ரெட் சீசன் (கூட்டம் அதிகமுள்ள காலம்), ஸ்டுடியோ அறை, வருடம் ஏழு நாள். தவணை முழுதும் கட்டியாயிற்று, 2038 வரை செல்லும். ரப்பர் ஷீட் விற்றுச் சேர்த்த பணம் அது. முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு அப்பாவால் எங்கும் போக முடியவில்லை. ஆனால் வருடாந்திரப் பராமரிப்புக் கட்டணம் ஏறிக்கொண்டே இருக்கிறது. இரண்டு வருடப் பாக்கி நிற்கிறது.

கம்பெனியில் கேட்டேன். திரும்ப வாங்க மாட்டார்களாம். பாக்கியைத் தீர்த்து, பெயர் மாற்றக் கட்டணமும் கட்டினால் வேறு ஆளுக்கு மாற்றித் தருவார்களாம். ஓஎல்எக்ஸில் மூன்று மாதம் விளம்பரம் போட்டேன். கேட்டவர்கள், அப்பா கட்டிய பணத்தில் கால் பங்குக்குக்கூட வரவில்லை. அப்புறம் ஒருவர் போனில், "ஆள் ரெடி, பதிவுக் கட்டணம் முதலில் அனுப்புங்கள்" என்றார். அனுப்பவில்லை. நீங்களும் அனுப்பிவிடாதீர்கள். பயன்படுத்தாத 14 நாள் கணக்கில் கிடக்கிறது. அது வாங்குபவருக்குச் சேருமா என்று ஒப்பந்தத்தில் தெளிவாக இல்லை.

இப்படி விற்றவர்கள் சொல்லுங்கள்: பாக்கியை நானே கட்டிவிட்டு விற்றால் விலை கூடுமா, இல்லை பாக்கியோடு விலையைக் குறைத்துக் கொடுப்பது நல்லதா?