பழைய டிவியை மாற்றும் அளவுக்கு இன்றைய நிகழ்ச்சிகளில் தரம் இருக்கிறதா?

மேலூரிலிருந்து ஒரு கேள்வி:
எங்கள் வீட்டில் 21 அங்குல பிக்சர் டியூப் டிவி அரசு கேபிள் இணைப்பில் ஓடுகிறது. திரையின் இடது மூலையில் பச்சை படர்ந்துவிட்டது. செய்திகளில் அடியில் ஓடும் எழுத்துகள் பாதி வெட்டுப்பட்டே தெரிவதால், கண்புரை அறுவை செய்துகொண்ட அப்பா ஒவ்வொரு வரியையும் என்னிடம் கேட்கிறார். புதியது வாங்கிவிடலாம்தான். ஆனால் மாலையானால் குடும்பத்தைக் கெடுக்கும் தொடர்களும், நான்கு பேர் ஒரே நேரத்தில் கத்தும் விவாதங்களுமாக இருக்கும்போது, அதற்காகப் பணம் போடுவது சரிதானா என்ற தயக்கம் விடவில்லை. அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

திருமங்கலத்திலிருந்து பதில்:
நிகழ்ச்சியின் தரத்தைப் பிறகு பேசலாம். முதலில் படத்தின் தரத்தைப் பாருங்கள். அகலத்துக்கும் உயரத்துக்குமான விகிதம் உங்கள் திரையில் 4:3, இன்றைய ஒளிபரப்பில் 16:9 என்பதால்தான் எழுத்து வெட்டுப்படுகிறது. புதிய டிவி வாங்கிவிட்டு, பழைய செட்டாப் பாக்ஸையே மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயரில் இணைத்தால் படம் கலங்கலாகத்தான் தெரியும். முகங்களும் அகன்று போகலாம். ஆகவே எச்டி பாக்ஸும் எச்டிஎம்ஐ வயரும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். ஆறடி தள்ளி உட்காரும் அறைக்கு 32 அங்குலம் போதும். 2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்டவற்றுக்கு ஜிஎஸ்டி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்தது உண்மைதான். அதற்காக மட்டும் பெரியதை வாங்க வேண்டாம்.

செல்லூரிலிருந்து பதில்:
தொடர்களை வைத்து டிவியை எடைபோடுவது எனக்கு உடன்பாடில்லை. சித்திரைத் திருவிழாவை நினைத்துப் பாருங்கள். அழகர் தங்கக் குதிரையில் வைகையில் இறங்கும்போது என்ன நிறப் பட்டு உடுத்தியிருக்கிறார் என்பதைத்தான் ஊரே உற்றுப் பார்க்கிறது. பச்சைப் பட்டு என்றால் அந்த ஆண்டு செழிக்கும் என்பது நம் பெரியவர்களின் நம்பிக்கை. அந்தக் கூட்டத்தில் நிற்க முடியாத உங்கள் அப்பா நேரலையில்தான் பார்க்க வேண்டும். மூலையில் பச்சை படர்ந்த திரையில் அவர் எதை நம்புவார்? மாதக் கட்டணம் உறுத்தினால் டிடி ஃப்ரீ டிஷ் இருக்கிறது. ஒருமுறை டிஷ்ஷும் பாக்ஸும் வாங்கினால் போதும், பொதிகையாக இருந்த டிடி தமிழ் அதில் வருகிறது. கர்நாடக இசையையும் கத்தலில்லாத செய்தியையும் இன்னும் அங்கே பார்க்கலாம்.

உசிலம்பட்டியிலிருந்து பதில்:
பழைய டிவியைத் தெருவில் வரும் பழைய இரும்புக்காரரிடம் போடாதீர்கள். பிக்சர் டியூப் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. செம்புக் கம்பிக்காக அதை உடைப்பவர்களின் கைக்கும் மண்ணுக்கும் அது கேடு. எக்ஸ்சேஞ்சில் எடுக்கும் கடையாகப் பார்த்து, அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளருக்கு அனுப்புவார்களா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

மேலூரிலிருந்து மீண்டும்:
அனைவருக்கும் நன்றி. அழகர் பட்டைப் பற்றிய பதிலை வாசித்துக் காட்டியதும் அப்பா, "சித்திரைக்கு முன்னாடியே வாங்கிடுப்பா" என்று சொல்லிவிட்டார். 32 அங்குலமும் எச்டி பாக்ஸும் என்று முடிவு செய்திருக்கிறோம். எங்கள் பகுதியில் மின்னழுத்தம் அடிக்கடி ஏறி இறங்கும். இதற்குத் தனியாக ஸ்டெபிலைசர் வைக்க வேண்டுமா?