கடலோர வீட்டில் பைக் ஷெட்: எந்தக் கம்பி தாங்கும்?

வீடு திருவான்மியூரில், கடலுக்குப் பக்கம். வாடகை வீடு, போர்டிகோ கிடையாது. வண்டி 2022 ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 பைக். பக்கவாட்டுச் சந்தில் (4 அடி அகலம், 12 அடி நீளம்) வெட்டவெளியில் நிற்கிறது.

போன ஐப்பசி மழைக்கு அப்புறம் சைலன்சர் வளைவிலும் ஸ்போக்ஸ் முனைகளிலும் துரு. விரலால் தேய்த்தால் காவியாக ஒட்டுகிறது.

ரெக்சின் கவர் போட்டேன். உள்ளே வியர்த்து ஈரம் தங்குகிறது, காற்றில் உரசி டேங்கில் கீறல் வேறு. காற்றோட்டமுள்ள துணிக் கவர் மழையில் ஊறிவிடுகிறது. துரு ஸ்ப்ரே அடுத்த மழை வரைக்கும்தான். டிஸ்க் லாக் (பிரேக் டிஸ்க்கில் மாட்டும் பூட்டு) இருக்கிறது, ஆனால் நாலு பேர் சேர்ந்து தூக்கிக்கொண்டு போனால் அது என்ன செய்யும்?

அதனால் கூரையும் முன்னால் பூட்டுகிற கிரில் கேட்டும் போட நினைக்கிறேன். வீட்டுக்காரர் சுவரில் துளை போடக் கூடாது, தரையில் போல்ட் அடிக்கலாம் என்கிறார். மேலே யுபிவிசி (கெட்டி பிளாஸ்டிக்) ஷீட் என்று முடிவு செய்தாயிற்று. சட்டத்துக்கு வெல்டர் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் போதும் என்கிறார். எனக்கு நம்பிக்கையில்லை, பற்றவைத்த இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோய் அங்கேதான் முதலில் துரு பிடிக்கும்.

கடற்கரை ஓரம் ஷெட் போட்டவர்களே, சட்டத்துக்குப் பெயிண்ட் அடித்த ஜிஐ, அலுமினியம், எஸ்எஸ் 304 (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வகை) இவற்றில் எது உங்களுக்கு வருடக்கணக்கில் தாங்கியது?