பாதியில் நின்ற காமிக்ஸ் தொடரைப் படமாக்குவது: நான்காம் இதழோடு முடிக்கலாமா?

அஸ்தம்பட்டி வாசகன்:

வணக்கம். சேர்வராயன் மலையில் நடக்கும் ஒரு தமிழ் காமிக்ஸ் தொடரை 110 நிமிடப் படமாக்கத் திரைக்கதை வேலை நடக்கிறது. உரிமைப் பேச்சு இன்னும் முடியவில்லை, அதனால் தொடரின் பெயர் இப்போதைக்கு வேண்டாம். 7 இதழ் என்று அறிவித்துத் தொடங்கி 4 இதழோடு நின்றுபோனது. இதழுக்கு 32 பக்கம், கறுப்பு வெள்ளை. எழுதியவர் ஒருவர், வரைந்தவர் வேறொருவர். இருவருக்கும் படத்துக்குச் சம்மதம். மிச்சம் 3 இதழுக்கு எழுத்தாளரிடம் ஒன்றரைப் பக்கக் குறிப்பு மட்டும் இருக்கிறது.

கதை நடப்பது 1958இல். விற்பனைக்கு வந்த ஒரு காபித் தோட்டத்தை அளக்கப்போன சர்வேயர் காணாமல் போகிறார். காசு வாங்கிக்கொண்டு பொய்க் கணக்கு எழுதிவிட்டு ஓடிவிட்டார் என்று ஊர் பேசுகிறது. மகள் தேடிக் கிளம்புகிறாள். 4ஆம் இதழின் கடைசிப் பக்கத்தில், பழைய பல்பர் கொட்டகையின் (காபிப் பழத்தின் தோலை உரிக்கும் இயந்திரம் இருக்கும் இடம்) தரைக்கு அடியில் அப்பாவின் அளவைச் சங்கிலி கிடைக்கிறது. நடுவில் ஓரிடத்தில் மட்டும் வேறு கம்பியால் முறுக்கிச் சேர்த்திருப்பது போல வரைந்திருக்கிறார்கள். உடனே ‘தொடரும்’. அப்பா உயிரோடு இருக்கிறாரா என்று தெரியாது.

4ஆம் இதழோடு நிறுத்தினால் படம் அரைகுறையாகத் தெரியாதா? குறிப்பை வைத்து 7 வரை கொண்டுபோகலாமா? இன்னும் வெளிவராத இதழ்களை ஒப்பந்தத்தில் எப்படிக் குறிப்பது?

ஐந்து ரோடு:

7 வரை போகாதீங்க. 128 பக்கத்தை 75 நிமிஷத்துல ஓட்டிட்டு, ஒன்றரைப் பக்கக் குறிப்பை 35 நிமிஷமா இழுத்தா அந்த இடத்துல தையல் பிரிஞ்சது நல்லாத் தெரியும். முன்பாதியில ஒவ்வொரு காட்சிக்கும் வரைஞ்சவர் யோசிச்சு வெச்ச இடம், பொருள், முகம் இருக்கும். பின்பாதியில வெறும் சம்பவம்தான் இருக்கும்.

முடியாத தொடரைப் படமாக்கினவங்க ஏற்கெனவே இருக்காங்க. ஜப்பான் இயக்குநர் மியாசாகி ‘நௌசிகா’ படத்தை 1984ல விட்டப்போ அவரோட மாங்கா (ஜப்பானியக் காமிக்ஸ்) பாதியிலதான் இருந்துச்சு. அது முடிஞ்சது 1994ல. மொத்தம் 7 தொகுதி, படத்துல இருக்கறது ஏறக்குறைய முதல் 2 தொகுதிக் கதைதான். ‘அகிரா’ படம் 1988, மாங்கா முடிஞ்சது 1990. ரெண்டுலயும் வரைஞ்சவரே இயக்குநரா இருந்ததால முடிவை மாத்திக்கிற சுதந்திரம் அவங்க கையில இருந்துச்சு. ‘ஸ்காட் பில்கிரிம்’ வேற மாதிரி. கடைசித் தொகுதி 2010 ஜூலை, படம் ஆகஸ்ட். முதல்ல எடுத்த முடிவுல நாயகன் வேற பொண்ணோட சேர்ந்தான், அப்புறம் திருப்பி எடுத்து மாத்தினாங்க. ரெண்டாவது தடவை எடுக்கப் பணம் இல்லாதவங்க முடிவைத் திரைக்கதையிலயே கெட்டியாப் பிடிச்சுக்கணும்.

ஒரு நோட்டு எடுத்து 128 பக்கத்தையும் கட்டம் கட்டமாப் படிச்சு, வாசகன் மனசுல எழும்புற கேள்வி ஒவ்வொண்ணையும் எழுதுங்க. எந்த இதழ், எந்தப் பக்கத்துல எழுந்துச்சு, எந்தப் பக்கத்துல அடைஞ்சுச்சு, இல்லை தொங்கிட்டு நிக்குதா. தொங்குற கேள்வியைப் படத்தோட முதல் 15 நிமிஷத்துல எழுப்பவே கூடாது. பெரும்பாலும் தப்பு நடக்கறது இங்கதான். காமிக்ஸ் முதல் பக்கத்துல ‘அப்பா எங்கே?’ன்னு கேக்குதுங்கறதுக்காகப் படமும் அதையே கேட்டுட்டுப் போய், கடைசியில பதில் இல்லாம நிக்கும்.

உங்க கதையில அடையற கேள்வி ஒண்ணு கையிலேயே இருக்கு: அப்பா பொய்க் கணக்கு எழுதினாரா? அதுக்குப் பதில் அந்த முறுக்கின கம்பிதான்.

அந்தக் காலத்துச் சர்வே சங்கிலி 66 அடி, 100 லிங்க் (கம்பிக் கண்ணி). லிங்க் ஒண்ணு 7.92 அங்குலம். பத்து லிங்குக்கு ஒரு பித்தளை வில்லை தொங்கும்: 10ல ஒரு பல், 20ல ரெண்டு, 30ல மூணு, 40ல நாலு, 50ல வட்டம். அந்தப் பக்கத்து முனையிலிருந்து எண்ணினாலும் இதே வரிசை. இப்போ யாரோ நடுவுல ரெண்டு லிங்கை வெட்டிட்டு முறுக்கிச் சேர்த்துட்டாங்கன்னு வைங்க. நிஜ நீளம் 64.68 அடி, ஆனா அளக்கறவர் ஒரு செயின்னு எழுதுவார். நீளத்துல 2 சதவீதம் பிசகினா பரப்புல கிட்டத்தட்ட 4 சதவீதம். கணக்குல 100 ஏக்கர்னு வர்ற தோட்டம் நிஜத்துல 96 ஏக்கர்தான் இருக்கும். இல்லாத 4 ஏக்கருக்குப் பணம் வாங்கினது வித்தவன். சர்வேயர் எழுதின கணக்கு சுத்தம், சங்கிலிதான் குறை.

மகள் சங்கிலியை மடியில போட்டு விரலால எண்ணிட்டே வரட்டும். ரெண்டு பல் வில்லைக்கும் மூணு பல் வில்லைக்கும் நடுவுல எட்டுதான் வரும். திரும்ப எண்ணுவா. எட்டுதான். வசனமே வேண்டாம். ஆனா பத்து வரணும்னு பார்க்கறவங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும். அதனால 10ஆம் நிமிஷத்துக்குள்ள அப்பா அவளுக்கு எண்ணச் சொல்லிக் கொடுக்கற காட்சி ஒண்ணு வெச்சிடுங்க. இதை விட்டா கடைசிக் காட்சி யாருக்கும் புரியாது.

அப்பா உயிரோட இருக்காரான்னு சொல்லாமலேயே படம் முழுசா முடிஞ்சிடும். அந்தக் கேள்வி 5ஆம் இதழுக்கு அப்படியே பத்திரமா இருக்கும்.

குப்பனூர் பாதை:

முடிவு பற்றி மேலே சொன்னதோடு முழுக்க உடன்படுகிறேன். உரிமை விஷயம் மட்டும் எழுதுகிறேன்.

காமிக்ஸில் வசனமும் கதையும் இலக்கியப் படைப்பு, ஓவியம் கலைப் படைப்பு. இரண்டு கையெழுத்தும் வேண்டும். அதற்கும் முன்னால் இருவரும் பதிப்பகத்தோடு போட்ட பழைய ஒப்பந்தத்தை வாங்கிப் படியுங்கள். திரைப்பட உரிமை ஏற்கெனவே பதிப்பகத்துக்குப் போயிருந்தால் இவர்கள் சம்மதித்து ஒரு பயனும் இல்லை. வரைந்தவர் அங்கே சம்பளத்துக்கு வேலை பார்த்தவரா, பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்கியவரா என்பதையும் கேளுங்கள். சம்பள வேலை என்றால், வேறு உடன்பாடு இல்லாதவரை, முதல் உரிமையாளர் நிறுவனமாக இருக்கலாம்.

1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்கவேண்டும் என்கிறது. எந்தப் படைப்பு, என்னென்ன உரிமை, எத்தனை ஆண்டு, எந்த நிலப்பரப்பு, என்ன தொகை என்று எல்லாம் வரவேண்டும். ஆண்டு எழுதாவிட்டால் 5 ஆண்டு என்றே கொள்ளப்படும். பரப்பு எழுதாவிட்டால் இந்தியா மட்டும், அப்புறம் சிங்கப்பூர், மலேசியா வெளியீட்டுக்குத் திரும்பப் போய் நிற்கவேண்டும். இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை: வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி சொல்லியிருந்தாலொழிய, அது காலாவதி. படம் தொடங்க ஓராண்டுக்கு மேல் ஆவது சாதாரணம், ஆகவே கால அளவைத் தெளிவாக எழுதுங்கள்.

வராத இதழ்களுக்கு 18ஆம் பிரிவு. இனி உருவாகப்போகும் படைப்பின் உரிமையை இப்போதே எழுதி வாங்கலாம், ஆனால் அந்தப் படைப்பு உருவான பிறகுதான் அது செல்லும். எழுதப்படாத 5ஆம் இதழ் இன்றைக்கு உங்களுடையது இல்லை. எழுத்தாளரின் ஒன்றரைப் பக்கக் குறிப்போ ஏற்கெனவே எழுதப்பட்ட ஒன்று. அதை ‘இணைப்பு 1’ என்று ஒவ்வொரு தாளிலும் கையெழுத்து வாங்கி ஒப்பந்தத்தோடு சேருங்கள். குறிப்பிலிருந்து ஒரு வரிகூடப் படத்தில் வராது என்றாலும் சேருங்கள், இரண்டாம் பாகம் பேசும்போது அதுதான் ஆதாரம்.

முடியாத தொடருக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. எட்டு லிங்க் என்கிற கண்டுபிடிப்பு இப்போது திரைக்கதையில் பிறந்தது. நாளைக்குத் தொடர் மறுபடி வந்தால் எழுத்தாளர் அதை 5ஆம் இதழில் பயன்படுத்தலாமா? ஒப்பந்தம் பேசாமல் விட்டால் படைத்தவரே தன் கதையைத் தொடர முடியாமல் நிற்பார். ‘படத்துக்காகச் சேர்த்த நிகழ்வுகளைத் தொடரின் எழுத்தாளரும் ஓவியரும் காமிக்ஸில் பயன்படுத்தலாம், படத்தின் முடிவு காமிக்ஸின் முடிவைக் கட்டுப்படுத்தாது’ என்று இரண்டே வரி சேருங்கள். இதைத் தயாரிப்பாளர் பெருந்தன்மையாக எண்ணவேண்டாம், படைத்தவருக்குச் சேரவேண்டிய நியாயம் இது. 57ஆம் பிரிவின்படி, தன் பெயருக்குக் குந்தகம் வரும்படி படைப்பைச் சிதைத்தால் உரிமையை விற்ற பிறகும் அவர் வழக்குப் போடலாம். இறுதித் திரைக்கதையைக் காட்டிக் கையெழுத்து வாங்கிவிட்டால் இரு தரப்புக்கும் நிம்மதி.

நாகலூர் பனி:

இதழின் கடைசிப் பக்கங்களைப் பற்றி யாரும் சொல்லவில்லை. 4 இதழ் என்றால் 4 ‘தொடரும்’. அப்படியே எடுத்தால் 27 நிமிடத்துக்கு ஒருமுறை இடைவேளை விடுவது மாதிரி இருக்கும். 2ஆம் இதழின் முடிவை மட்டும் இடைவேளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். 4ஆம் இதழின் முடிவு படத்தின் முடிவு; 1, 3 இரண்டிலும் அதிர்ச்சியும் அதன் விளைவும் ஒரே காட்சிக்குள் வந்துவிடட்டும், நடுவில் வெட்டவேண்டாம்.

ஸ்டோரிபோர்டுக்கு (ஷாட்களை வரைந்து வைக்கும் படவரிசை) காமிக்ஸையே பயன்படுத்தப் பார்ப்பீர்கள். முதலில் பக்கங்களை 300 டிபிஐயில் ஸ்கேன் செய்து, கட்டங்களைத் தனித்தனியாக வெட்டி, எடிட்டிங் டைம்லைனில் வரிசையாகப் போட்டு, வசனத்தைப் பேசிப் பதிந்து ஓட்டுங்கள். சண்டைப் பக்கம் 15, 20 நொடியில் ஓடிவிடும். பேச்சுப் பக்கம் ஒன்றரை நிமிடம் இழுக்கும். வசன பலூனில் 25 சொல் இருந்தால் கண் சட்டென்று தாண்டும், நடிகர் பேசினால் பத்து நொடிக்கு மேல். முக்கால்வாசி பலூன்களைப் பாதியாகக் குறைக்கவேண்டி வரும். மேலே பெட்டியில் வரும் வர்ணனையைப் பின்னணிக் குரலாக மாற்றாதீர்கள்; படத்தில் தெரிவதையே குரலும் சொல்லும்.

உயரமான கட்டங்கள் இன்னொரு தொல்லை. அடிவாரத்திலிருந்து ஏறும் 20 கொண்டை ஊசி வளைவுகளை ஒரு முழுப் பக்கத்தில் மேலிருந்து கீழாக வரைந்திருந்தால் அது 2.39 சட்டத்தில் (உயரத்தைப் போல 2.39 மடங்கு அகலமான திரை) அடங்காது, இருபக்கமும் வெறும் காடுதான் நிற்கும். 1.85இல் எடுங்கள், அல்லது கேமராவை மெதுவாகக் கீழே சாய்த்துக்கொண்டு வாருங்கள்.

பருவத்தையும் பாருங்கள். காபி பூப்பது மார்ச், ஏப்ரலில் கோடை மழை விழுந்து ஒரு வாரம், பத்து நாளில்; மூன்று நான்கு நாளில் வாடிவிடும். பழம் பறிப்பது நவம்பரிலிருந்து ஜனவரி வரை. கதையில் இரண்டும் இருந்தால் ஏற்காட்டுக்கு இரண்டு ஷெட்யூல் போடவேண்டும், இல்லையென்றால் ஒன்றை விடவேண்டும். எனக்கென்றால் பூவை விடுவேன். பல்பர் கொட்டகை ஓடுவது பறிப்புக் காலத்தில்தான், உங்கள் முடிவும் அங்கேதான்.

பனி வந்தால் வைடு ஷாட்டை முதலில் எடுத்துவிடுங்கள். குளோசப்பில் ஆளுக்குப் பின்னால் திறந்த பள்ளத்தாக்கு வேண்டாம், செடிச் சரிவு இருக்கட்டும். பனி விலகிப்போனாலும் முந்தைய ஷாட்டோடு ஒட்டும்.

அஸ்தம்பட்டி வாசகன்:

எல்லோருக்கும் நன்றிங்க. கேள்வி நோட்டை நேற்று ஆரம்பித்தாயிற்று: 41 கேள்வி, அதில் 17 தொங்குகிறது. ஐந்து ரோடு அண்ணா, சங்கிலியை எப்படிச் செய்வது? 66 அடி முழுக்க வேண்டுமா?

ஐந்து ரோடு:

முழுச் சங்கிலி ஒண்ணு வேணும், அளக்கற வைடு ஷாட்டுக்கு. ரெண்டு ஆள் இழுத்துப் பிடிக்கறப்போ அந்தத் தொய்வும் கனமும் கயித்துல வராது. குளோசப்புக்கு 40 லிங்க் போதும், ஆனா அதுல ரெண்டு செட் செய்யுங்க: ஒண்ணு பத்து பத்தா சரியா இருக்கறது, இன்னொண்ணு வெட்டிச் சேர்த்தது. முதல் செட்டை எண்ணச் சொல்லிக்கொடுக்கற காட்சிக்கு வெச்சுக்கோங்க. பித்தளை வில்லைக்குச் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறையில கேளுங்க, பல் வெட்டறது அவங்களுக்குக் கைவந்த வேலை. வெட்டின செட்டை மட்டும் உப்புத்தண்ணி தெளிச்சு ஒரு வாரம் ஈரமண்ணுல புதைச்சு வைங்க. முறுக்கின கம்பி மத்த கம்பியைவிடக் கொஞ்சம் மெல்லிசா இருக்கட்டும், துரு ஏறின பிறகும் அந்த இடத்துல கண்ணு தானா நிக்கும்.