வேதாகமம் மட்டும் போதுமா, ஏனோக்கு புத்தகத்தையும் சேர்த்துப் படிக்கலாமா?

எளியவன்:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் வேதபாடக் குழுவில் ஆதியாகமம் 6-ஆம் அதிகாரத்துக்கு வந்ததிலிருந்து ஒரு சண்டை ஓடிக்கொண்டிருக்கிறது. தேவகுமாரர் யார், இராட்சதர் யார் என்ற பேச்சு வந்ததும், குழுவை நடத்துகிற அண்ணன், நம் வேதாகமத்தில் இல்லாத பழைய யூத நூலான ஏனோக்கு புத்தகத்தை அச்செடுத்துக் கொண்டுவந்துவிட்டார். எர்மோன் மலையில் இருநூறு தூதர்கள் இறங்கினார்களாம், தலைவன் பெயர் செமியாசாவாம், அசாசேல் என்பவன்தான் மனிதர்களுக்கு வாள் செய்யவும் கண்ணுக்கு மை தீட்டவும் சொல்லிக்கொடுத்தானாம். கேட்க சுவாரஸ்யமாகத்தான் இருந்தது.

பாதியில் ஒரு பெரியவர் எழுந்து, வேதாகமத்துக்கு வெளியே உள்ள ஒரு எழுத்துகூட இந்த அறைக்குள் வரக்கூடாது என்றார். அண்ணன் சட்டென்று புதிய ஏற்பாட்டில் யூதா நிருபத்தின் 14-ஆம் வசனத்தைத் திருப்பிக் காட்டி, "ஏனோக்கு சொன்னதை யூதாவே எடுத்து எழுதியிருக்கிறார், அவர் படித்ததை நாம் படித்தால் பாவமா?" என்று கேட்டார். பெரியவருக்குப் பதில் வரவில்லை. கோபம்தான் வந்தது.

இதில் எனக்கு இன்னொரு குழப்பமும் இருக்கிறது. அந்தப் பெரியவரின் வேதாகமத்தில் ஒவ்வொரு பக்கத்திலும் பாதிக்குக் கீழே விளக்கக் குறிப்புகள்தான். அவர் வசனத்தைவிட அதைத்தான் அதிகம் வாசிப்பார். அதுவும் வெளி எழுத்துதானே? கோடு எங்கே போடுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். தயவுசெய்து "ஜெபம் பண்ணுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடாதீர்கள், அதைச் செய்துகொண்டுதான் இருக்கிறேன்.

பெரோயாக்காரன்:

சகோதரரே, யூதா மேற்கோள் காட்டினார் என்பதால் ஏனோக்கு புத்தகம் முழுவதும் வேதமாகிவிடாது. இதே நியாயப்படி பார்த்தால் அப்போஸ்தலர் 17:28-இல் பவுல் ஏதென்ஸ்காரர்களிடம் "அவருடைய சந்ததியார்" என்று ஒரு வரி சொல்கிறாரே, அது அராத்து என்ற கிரேக்கக் கவிஞனுடையது. வானத்து நட்சத்திரங்களைப் பற்றி அவன் எழுதிய பாட்டில், சேயுஸ் தெய்வத்தைப் பார்த்துச் சொன்ன வரி அது! 1 கொரிந்தியர் 15:33-இல் வருவது மெனாந்தர் என்ற நாடகக்காரனுடையது. அவர்களையும் கட்டிச் சேர்த்துவிடலாமா? 2 தீமோத்தேயு 3:8-இல் மோசேக்கு எதிர்த்து நின்றவர்கள் யந்நே, யம்பிரே என்று பெயர் சொல்கிறார். யாத்திராகமத்தில் அந்தப் பெயர்கள் கிடையாது. யூதர்களின் வழக்கில் இருந்தது, பவுலும் சொன்னார், அவ்வளவுதான்.

அதே அதிகாரம் 15 முதல் 17 வரை வாசியுங்கள். தேவனுடைய மனுஷன் தேறினவனாவதற்கு வேதவாக்கியம் போதும் என்றுதான் அங்கே இருக்கிறது. பெரோயா பட்டணத்தார் பவுல் பிரசங்கித்ததையே வேதத்தை வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். அப்போஸ்தலனுக்கே அந்தச் சோதனை என்றால், யார் எழுதினார்கள் என்றே தெரியாத ஏனோக்குக்கு என்ன சலுகை? ஆதாமுக்கு ஏழாம் தலைமுறையான ஏனோக்கு கைப்பட எழுதியதல்ல அது. கிறிஸ்துவுக்கு முந்தைய சில நூற்றாண்டுகளில் பலர் எழுதிச் சேர்த்தது.

திருச்சபைப் பிள்ளை:

நான் கத்தோலிக்கன், கொஞ்சம் குறுக்கே வருகிறேன். "வேதாகமம் மட்டும்" என்கிறீர்கள், சரி. எது வேதாகமம் என்ற பட்டியல் எந்த நூலில், எந்த அதிகாரத்தில் இருக்கிறது? புதிய ஏற்பாட்டின் இன்றைய 27 நூல்களையும் கூட்டாமல் குறைக்காமல் அப்படியே வரிசைப்படுத்தி நமக்குக் கிடைத்திருக்கிற முதல் பட்டியல் 367-இல் அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுஸ் எழுதிய பாஸ்கா மடல். அதற்கு முன்னால் நூற்றுக்கணக்கான ஆண்டுகள், யாக்கோபு வேண்டுமா, எபிரேயர் யாருடையது, திருவெளிப்பாட்டைச் சேர்க்கலாமா என்று திருச்சபை பேசிக்கொண்டேதான் இருந்தது. அப்புறம் 393-இல் ஹிப்போ, 397-இல் கார்த்தேஜ் என்று வட ஆப்பிரிக்க நகரங்களில் கூடிய ஆயர் சங்கங்கள். அந்தப் பட்டியல்களில் தோபித்து, யூதித்து, மக்கபேயர் எல்லாம் உண்டு. நீங்கள் "வெளி எழுத்து" என்று தள்ளுகிற நூல்கள் எங்கள் விவிலியத்துக்குள்ளேயே இருக்கின்றன.

எபிரேயர் 11:35-ஐ எடுத்துப் பாருங்கள். விடுதலை வேண்டாம் என்று சொல்லி, மேலான உயிர்த்தெழுதலுக்காக வதைபட்டவர்கள் யார்? உங்கள் பழைய ஏற்பாட்டில் தேடினால் கிடைக்க மாட்டார்கள். 2 மக்கபேயர் 7-ஆம் அதிகாரத்தில் ஒரு தாயும் ஏழு மகன்களும் இருக்கிறார்கள். யோவான் 10:22-இல் இயேசு எருசலேமில் இருந்தபோது நடந்த கோவில் அர்ப்பண விழா எப்படி வந்தது என்பதும் மக்கபேயரில்தான் இருக்கிறது.

பவுலே 2 தெசலோனிக்கர் 2:15-இல், வாய்மொழியாகவோ மடல் வழியாகவோ கற்றுக்கொண்ட முறைமைகளைப் பற்றிக்கொள்ளச் சொல்கிறார். வாய்மொழி என்ற பாதியை மட்டும் ஏன் விட்டுவிடுகிறீர்கள்?

பெரோயாக்காரன்:

விடவில்லை. பவுல் வாயால் சொன்னது எது என்று இன்றைக்கு எனக்கு உறுதியாகக் காட்டுங்கள், பற்றிக்கொள்கிறேன். மாற்கு 7-இல் பாரம்பரியத்தினால் தேவவசனத்தை அவமாக்குகிறீர்கள் என்று இயேசு பரிசேயரிடம் சொன்னதையும் சேர்த்து வாசியுங்கள். கொர்பான், அதாவது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லி அப்பா அம்மாவைக் கவனிக்காமல் விட்டதும் "முன்னோர் பாரம்பரியம்" என்ற பெயரில்தான்.

எளியவன்:

இரண்டு பேரும் சொல்வது நியாயமாகத்தான் படுகிறது, அதுதான் பிரச்சினையே. பட்டியலைச் சபை தந்தது என்றால் சபை வேதத்துக்கு மேலே போய்விடாதா? இல்லை என்றால் பட்டியலை எதை வைத்து நம்புவது?

பழைய ஏடு:

இதில் எல்லாரும் அத்தனாசியுவின் 367 மடலைப் பாதி மட்டும் படிக்கிறார்கள் என்பது என் பழைய குறை. கத்தோலிக்க நண்பர் அதைத் தன் பக்கச் சாட்சியாகக் கொண்டுவந்தார், முழுவதும் வாசித்தால் அது அவர் பக்கமும் முழுதாக வராது, பெரோயாக்காரர் பக்கமும் வராது.

அந்த மடலில் மூன்று வகை இருக்கிறது. முதலில் திருமறை நூல்கள், இரட்சிப்பின் ஊற்றுகள் இவைதான் என்கிறார். மூன்றாவது, பெரிய ஆட்களின் பெயரைப் போட்டு ஆட்களை ஏமாற்றுகிற மறைவு நூல்கள், அவற்றை ஒதுக்கச் சொல்கிறார். நடுவில் இன்னொன்று உண்டு: திருமறையில் சேராதவை, ஆனால் புதிதாக விசுவாசத்துக்கு வருகிறவர்கள் வாசிக்கலாம் என்று முன்னோர் வைத்தவை. சாலொமோனின் ஞானம், சீராக், யூதித்து, தோபித்து, அப்போஸ்தலரின் போதனை என்ற சிறு நூல், ஹெர்மாவின் மேய்ப்பன். (எஸ்தரையும் இந்த நடுவில்தான் வைத்திருக்கிறார், பாரூக்கை எரேமியாவோடு சேர்த்து மேலே வைத்திருக்கிறார். ஆகவே அவர் பழைய ஏற்பாட்டுப் பட்டியலை இன்று யாருமே அப்படியே பின்பற்றுவதில்லை.)

எனக்கு முக்கியமாகப் படுவது இந்த நடு அடுக்குதான். வாசிக்கலாம், பயன்படும், ஆனால் அதை வைத்து உபதேசத்தைத் தீர்க்கக் கூடாது. இது புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தர் கண்டுபிடித்ததும் இல்லை. அவர் 1534-இல் முழு வேதாகமத்தை ஜெர்மன் மொழியில் வெளியிட்டபோது தோபித்து, மக்கபேயர் எல்லாவற்றையும் தூக்கி எறியவில்லை. பழைய ஏற்பாட்டுக்கும் புதிய ஏற்பாட்டுக்கும் நடுவே தனியாக வைத்து, வேதத்துக்குச் சமமல்ல, ஆனாலும் வாசிக்க நல்லது, பயனுள்ளது என்று தலைப்பிலேயே எழுதினார். ஆங்கிலிக்கன் சபையின் 39 பிரமாணங்களில் ஆறாவதும் இதைத்தான் சொல்கிறது. கத்தோலிக்கரின் திரெந்து சங்கம்தான் 1546-இல், இவற்றை முழுவதும் திருமறை என்று ஏற்காதவன் சபைக்குப் புறம்பு என்று முடித்தது. இந்தப் புராட்டஸ்டன்ட் பக்கம் பின்னாளில் அச்சடித்தவர்கள் அந்த நடுப்பகுதியையே கழற்றிவிட்டார்கள். இரண்டு பக்கமும் நடு அடுக்கைக் காலி செய்துவிட்டதால்தான், இன்று ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்தால் அது தேவவாக்காக இருக்க வேண்டும், இல்லையென்றால் பிசாசின் வேலையாக இருக்க வேண்டும் என்ற நிலைமை.

எளியவன் கேட்டதற்கு வருகிறேன். "வேதம் மட்டும்" என்று சொன்ன சீர்திருத்தக்காரர்கள் வேறு எதையும் வாசிக்காதே என்று சொல்லவே இல்லை. கால்வின் எழுத்தில் பக்கத்துக்குப் பக்கம் பழைய திருச்சபை ஆயர் அகுஸ்தீன்தான். லூத்தர் 1529-இல் தானே இரண்டு ஞானோபதேசப் புத்தகங்கள் எழுதிக் கொடுத்தார். 1521-இல் வோர்ம்ஸ் நகரில் பேரரசரின் சபைமுன் அவர் நின்றபோது சொன்னதன் சாரம், பாப்பரசரும் சங்கங்களும் தவறியிருக்கிறார்கள், வேதத்தைக் காட்டி என்னைத் திருத்துங்கள் என்பது. வேதம் கடைசி நீதிபதி என்பது ஒன்று, வேதத்தைத் தவிர வேறு சாட்சியே கூப்பிடாதே என்பது வேறொன்று. உங்கள் பெரியவர் இரண்டாவதைச் சொல்கிறார், அதை அவரே கடைப்பிடிக்கவில்லை.

அந்த ஓரக்குறிப்பு விஷயம் சின்ன விஷயமும் இல்லை. உலகம் கி.மு. 4004-இல் படைக்கப்பட்டது என்று ஆதியாகமத்திலேயே இருப்பதாக எத்தனையோ பேர் நம்பினார்கள். அது அயர்லாந்தின் பேராயர் அஷர் 1650-இல் வெளியிட்ட நூலில் போட்ட கணக்கு. 1701 வாக்கில் ஆங்கில வேதாகமத்தின் ஓரத்தில் ஏறியது, 1909-இல் வந்த ஸ்கோஃபீல்டு குறிப்பு வேதாகமத்திலும் இருந்தது. வசனத்துக்குப் பக்கத்திலேயே அச்சாகியிருந்ததால் யாரும் அதை வெளி எழுத்து என்று நினைக்கவில்லை. ஏனோக்கு தனிப் புத்தகமாக வருகிறது, ஆகவே எல்லாரும் உஷாராகிறார்கள். குறிப்பு அதே பக்கத்தில் வருகிறது, வேதமாகவே உள்ளே போய்விடுகிறது. இரண்டில் எது ஆபத்து என்று கேட்டால் நான் குறிப்பைத்தான் சொல்வேன்.

ஏனோக்கையும் படித்தே பாருங்கள், பயப்பட ஒன்றும் இல்லை. முழு நூலும் எத்தியோப்பியாவின் கீயெஸ் மொழியில்தான் பிழைத்தது. அங்குள்ள ஆர்த்தடாக்ஸ் சபைக்கு அது இன்றும் வேதம். சாக்கடல் குகைகளில் அரமேயத் துண்டுகள் கிடைத்தன, ஆகவே பழையது என்பதில் சந்தேகம் இல்லை. ஆதித் திருச்சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன் அதை வேதம் என்றே வாதாடினார், அகுஸ்தீன் அவ்வளவு பழைய பெயரில் வந்ததை நம்ப முடியாது என்று தள்ளினார். உள்ளே போனால் மூவாயிரம் முழ உயர இராட்சதர்கள் வருகிறார்கள். வருஷத்துக்குச் சரியாக 364 நாள்தான், வேறு கணக்குப் போடுகிறவன் தப்பு செய்கிறான் என்று சூரியனையும் சந்திரனையும் பற்றி அதிகாரம் அதிகாரமாக வருகிறது. உங்கள் அண்ணன் தூதர்கள் கதையோடு நிறுத்திக்கொண்டார் போலிருக்கிறது. அந்த 364 நாளையும் குழுவில் வாசிக்கச் சொல்லுங்கள், வேதம் என்ற பேச்சு தானாக அடங்கும். யூதாவின் காலத்து ஆட்கள் எதைக் கேட்டு வளர்ந்தார்கள் என்று புரிந்துகொள்ள மட்டும் அது அருமையான நூல்.

திருச்சபைப் பிள்ளை:

நன்றாக எழுதினீர்கள், ஆனால் ஒரு இடத்தில் நழுவுகிறீர்கள். நீதிபதி வேதம் என்றால் தீர்ப்பை வாசிப்பவர் யார்? 1529 அக்டோபரில் மார்புர்க் நகரில் லூத்தரும் சுவிங்லியும் உட்கார்ந்து பேசினார்கள். இரண்டு பேருமே "வேதம் மட்டும்" ஆட்கள். பதினைந்தில் பதினான்கு விஷயங்களில் ஒத்துப்போனார்கள். கடைசியில் "இது என் உடல்" என்ற ஒரே வசனத்தில் முறிந்தது. லூத்தர் அதை மேசைமேல் சாக்கட்டியால் எழுதிவைத்துக்கொண்டு நகரவே இல்லை. ஒரே நூல், ஒரே வசனம், இரண்டு சபைகள். இதற்கு என்ன மருந்து?

பழைய ஏடு:

முழு மருந்து என்னிடம் இல்லை, உங்களிடமும் இல்லை. 359-இல் அரிமினம் சங்கத்தில் நானூறுக்கும் மேற்பட்ட ஆயர்கள் கூடி, பேரரசரின் நெருக்குதலுக்குப் பணிந்து, இயேசு பிதாவுக்குச் சமமல்ல என்ற ஆரியுஸ் கட்சியாருக்குச் சாதகமான வாசகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்கள். சங்கம் கூடினாலே தீர்ந்தது என்றால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும். 1378-லிருந்து 1417 வரை இரண்டு, மூன்று பேர் தாங்களே பாப்பரசர் என்று உட்கார்ந்திருந்தபோது தீர்ப்பை வாசித்தவர் யார்? ஆனால் மார்புர்க் விஷயத்தில் நீங்கள் கேட்டது நியாயமான கேள்விதான், எங்கள் ஆட்கள் அதைக் கேட்டாலே பேச்சை மாற்றுவார்கள்.

சும்மா ஒருவன்:

நீங்கள் எல்லாம் நாலாம் நூற்றாண்டில் இருக்கிறீர்கள். நம் ஆட்கள் உண்மையில் சாய்ந்திருப்பது ஏனோக்கின் மேலும் இல்லை, மக்கபேயர் மேலும் இல்லை, "நான் செத்துப் பரலோகம் போய்விட்டு வந்தேன்" புத்தகங்களின் மேல். அமெரிக்காவில் 2010-இல் ஒரு சின்னப் பையனின் பரலோக அனுபவம் என்று ஒன்று வந்து அமோகமாக விற்றது. 2015-இல் அந்தப் பையனே, நான் சாகவும் இல்லை, பரலோகம் போகவும் இல்லை, கவனம் கிடைக்கும் என்று சொன்னேன் என்று பகிரங்கக் கடிதம் எழுதினான், பதிப்பகம் புத்தகத்தைத் திரும்பப் பெற்றது. அந்தக் கடிதத்திலேயே, வேதாகமம் போதும், அதை வாசியுங்கள் என்றும் எழுதியிருந்தான். அஞ்சு வருஷம் பிரசங்கங்களில் மேற்கோள் காட்டியவர்களில் எத்தனை பேர் மேடையில் அதைத் திருத்திச் சொன்னார்கள்? என் காதில் ஒன்றும் விழவில்லை.

எளியவன்:

எல்லாருக்கும் நன்றி. அத்தனாசியு மடலைத் தேடி எடுத்துவிட்டேன், சின்னதுதான். அடுத்த கூட்டத்தில் முதலில் யூதா நிருபத்தை முழுவதும் வாசிக்கலாம் என்று அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன், மொத்தமே 25 வசனம். அப்புறம் ஏனோக்கில் 6 முதல் 8, கூடவே அந்த நாள்கணக்கு அதிகாரமும். பெரியவரிடம் குறிப்பு இல்லாத வேதாகமம் ஒன்றை எடுத்து வரச் சொல்லலாமா என்று யோசிக்கிறேன். நேராகச் சொன்னால் அடிக்க வருவார். யாராவது பக்குவமாகச் சொல்ல வழி இருந்தால் எழுதுங்கள்.

பெரோயாக்காரன்:

எல்லாருக்குமே யூதாவை மட்டும் தனித்தாளில் அச்செடுத்துக் கொடுத்துவிடுங்கள் சகோதரரே. ஒரு தாளுக்குள் அடங்கிவிடும், அவர் பெயரை எடுக்கவும் வேண்டியதில்லை.