மன்றக் கூட்ட அஜெண்டாவில் 46 பொருள்: எதை முதலில் பார்ப்பது?

வார்டு9

18 வார்டு பேரூராட்சி. இந்த மாதச் சாதாரணக் கூட்டத்துக்கு 46 பொருளோடு அஜெண்டா வந்திருக்கிறது, 31 பக்கம். கூட்டம் முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். இளநிலை உதவியாளர் "ஒன்று முதல் இருபது வரை" என்று சேர்த்து வாசிப்பார், மேஜை தட்டினால் தீர்மானம் ஆகிவிடும். எங்கள் வார்டு உறுப்பினருக்கு நான் முன்கூட்டியே படித்து ஒரு பக்கக் குறிப்பு எழுதித் தர வேண்டும். எல்லாவற்றையும் ஒரே கவனத்தோடு படிக்க நேரம் இல்லை.

மாதிரிக்கு நான்கு:

பொருள் 3: சென்ற மாத வரி வசூல் விவரம், மன்றத்தின் பார்வைக்கு.

பொருள் 19: வார்டு 9, ஆழ்துளைக் கிணற்று 7.5 எச்.பி. நீர்மூழ்கி மோட்டார் பழுது நீக்கிய செலவு ரூ.38,400, குடிநீர் நிதி. தலைவரின் முன் அனுமதி பெற்றுச் செய்யப்பட்டது. மன்றத்தின் பார்வைக்கும் அனுமதிக்கும்.

பொருள் 24: பிளீச்சிங் பவுடர் 600 கிலோ, மூன்று மாதத் தேவைக்குக் கொள்முதல். மன்றத்தின் அனுமதிக்கு.

பொருள் 33: வார்டு 4, சிமென்ட் கான்கிரீட் கழிவுநீர் கால்வாய் 120 மீட்டர், மதிப்பீடு ரூ.9.60 லட்சம், 15-வது நிதிக்குழு மானியம். ஒப்பந்தப்புள்ளி ஏற்பு குறித்து மன்றத்தின் முடிவுக்கு.

இதில் எங்கே பேச வேண்டும், எங்கே பேசிப் பயனில்லை?

பழைய_கோப்பு

அலுவலகக் குறிப்பைக் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படியுங்கள். "பார்வைக்கு" என்றால் தகவல், பதிவு செய்துகொள்வதோடு சரி. "அனுமதிக்கு" என்றால் பணம் செலவாகப் போகிறது. "பார்வைக்கும் அனுமதிக்கும்" என்று இரண்டும் சேர்ந்து வந்தால் செலவு ஏற்கெனவே ஆகிவிட்டது, மன்றம் பின்னால் கையெழுத்துப் போடுகிறது. "முடிவுக்கு" என்று வருவதில்தான் மன்றத்துக்கு உண்மையிலேயே இரண்டு வழி இருக்கிறது. 46 பொருளில் அப்படி ஆறோ ஏழோ தேறினால் அதிகம். அவற்றை முதலில் எடுத்து வையுங்கள்.

அடுத்து, எந்த நிதி என்று பாருங்கள். பொது நிதி, குடிநீர் நிதி, மானியம் மூன்றும் ஒரே பை இல்லை. 15-வது நிதிக்குழு மானியத்தில் 2021–26 காலத்துக்கு 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டுமே என்று ஒதுக்கப்பட்டது. மீதி 40 சதவீதம் உள்ளூர்த் தேவைக்கு, ஆனால் சம்பளத்துக்கும் நிர்வாகச் செலவுக்கும் தொடக்கூடாது. பொருள் 33 எந்தப் பகுதியில் வருகிறது என்பது குறிப்பில் இல்லை. அதைக் கேளுங்கள். அந்த 60 சதவீதத்தில் போட்டு, பெயர் கழிவுநீர் கால்வாயாக இருந்து, உள்ளே மதிப்பீடு மழைநீர் வடிகாலாக இருந்தால் தணிக்கையில் தடை வரும், அதற்குப் பதில் சொல்ல இந்த மன்றம் இருக்காது.

பொருள் 3-ஐத் தள்ளிவிடாதீர்கள். பார்வைக்குத்தான் வருகிறது என்றாலும் ஊரின் நாடி அதில்தான் துடிக்கிறது. கேட்பு (கட்ட வேண்டிய வரி), வசூல், நிலுவை என்று மூன்று கட்டம் இருக்கும். மொத்த சதவீதத்தைப் பார்க்காமல், நடப்பு கேட்பில் எவ்வளவு வசூல், பழைய நிலுவையில் எவ்வளவு வசூல் என்று பிரித்துக் கேளுங்கள். சொத்து வரியில் அரையாண்டு தொடங்கி 30 நாளுக்குள், அதாவது ஏப்ரல் 30, அக்டோபர் 31-க்குள் கட்டுபவருக்கு 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு, உச்சவரம்பு ரூ.5,000. அதனால் அந்த இரண்டு மாதமும் வசூல் தானாக ஏறும். மே மாதக் கூட்டத்தில் "வசூலில் சாதனை" என்று வந்தால் தேடிவந்து கட்டியவர்கள் கணக்கு அது. வரித்தண்டலர் படியேறிப் பிரித்த தொகை நிலுவைக் கட்டத்தில்தான் தெரியும்.

ஒரு சின்ன விஷயம். தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 1998, அதன் 2023 விதிகளோடு, 2023 ஏப்ரல் 13 முதல் நடைமுறையில் இருக்கிறது. குறிப்பில் 1920 மாவட்ட நகராட்சிகள் சட்டப் பிரிவைப் போட்டிருந்தால் பழைய கோப்பிலிருந்து வரியை அப்படியே எடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்தப் பொருளின் மற்ற எண்களையும் சந்தேகத்தோடு பாருங்கள். வரியோடு சேர்ந்து தொகையும் பழையதாக வந்துவிடுவதுண்டு.

பம்ப்_ரூம்

19-க்கும் 24-க்கும் நான் எழுதுகிறேன்.

மோட்டார்: தொகையை வைத்துச் சண்டை போடாதீர்கள். கிணறு ஆழம், குழாய் எத்தனை, கிரேன் வந்ததா என்பதைப் பொறுத்து அது ஏறும் இறங்கும். கேட்க வேண்டியது "இதே மோட்டாருக்குக் கடைசியாக எப்போது காயில் கட்டினார்கள் (எரிந்த கம்பிச் சுற்றை மாற்றினார்கள்)?" பதிவேட்டில் இருக்கும். பன்னிரண்டு மாதத்தில் இரண்டாவது தடவை என்றால் கோளாறு பெரும்பாலும் மோட்டாரில் இல்லை, அதை இயக்கும் பேனல் போர்டில். மூன்று பேஸில் ஒன்று போனால் மோட்டார் உறுமிக்கொண்டே சூடாகி எரியும். அதைத் தடுக்கும் சிங்கிள் பேஸ் பிரிவென்டர் இருக்கிறதா, இருந்தும் நேர் இணைப்புக் கொடுத்து ஒதுக்கிவைத்திருக்கிறார்களா? கிணற்றில் நீர் இறங்கியதும் நிறுத்தும் டிரை ரன் ரிலே வேலை செய்கிறதா? மின்சாரம் அளவுக்கு மேல் போனால் நிறுத்தும் ஓவர்லோடு ரிலே எத்தனை ஆம்பியரில் நிற்கிறது? 7.5 எச்.பி. நீர்மூழ்கி சுமார் 15 ஆம்பியர் இழுக்கும் (பெயர்ப்பலகையில் உள்ளதே கணக்கு). அடிக்கடி டிரிப் ஆகிறது என்று ரிலேயை 22-க்குத் திருகி வைத்திருந்தால், டிரிப் ஆக வேண்டிய இடத்தில் காயில் எரிகிறது. இரண்டாயிரம், மூன்றாயிரம் ரூபாய்ச் சாமானைப் போடாமல் முப்பத்தெட்டாயிரத்தை மறுபடி மறுபடி அனுமதிக்கிறோம்.

இன்னொன்று, எரிந்த செம்புக் கம்பி. அதற்கு விலை உண்டு. எடை போட்டு இருப்புப் பதிவேட்டில் ஏற்றினார்களா, அல்லது பில்லில் கழித்தார்களா? இரண்டும் இல்லையென்றால் கம்பி கடையிலேயே நின்றுவிட்டது.

பிளீச்சிங் பவுடர்: கணக்கு எளிது. புதுச் சரக்கில் குளோரின் 33 சதவீதம். நாள் ஒன்றுக்கு 10 லட்சம் லிட்டர் விநியோகம், லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்று போட்டால் 2 கிலோ குளோரின் வேண்டும், அதாவது 6 கிலோ பவுடர். மாதம் 180, மூன்று மாதத்துக்கு 540. உங்கள் ஊர் விநியோகம் அந்த அளவு என்றால் 600 கிலோ நியாயமான எண்தான். ஆனால் மூன்று மாதச் சரக்கை மொத்தமாக இறக்குவதுதான் தவறு. ஈரம் பட்டாலும் சூடு பட்டாலும் பவுடர் வீரியம் இழக்கும். 25 சதவீதத்துக்கு இறங்கிவிட்டால் அதே தண்ணீருக்கு 8 கிலோ போட வேண்டும். தொட்டி ஆபரேட்டர் வழக்கம்போல ஆறு கிலோவே கலக்குவார், கடைசித் தெருவில் குளோரின் பூஜ்யம் காட்டும். கொள்முதல் ஒன்றாக இருக்கட்டும், சப்ளை மாதம் 200 கிலோவாக, ஒவ்வொரு தடவையும் தயாரித்த தேதி பார்த்து எடுக்க வேண்டும் என்று தீர்மானத்திலேயே ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். வரிசையின் கடைசிக் குழாயில் குளோரின் 0.2 பி.பி.எம். (லிட்டருக்கு 0.2 மில்லிகிராம்) இருக்க வேண்டும். குளோரோஸ்கோப் (குளோரின் அளவு பார்க்கும் கருவி) பதிவேட்டை எடுத்தால் எந்தெந்தத் தெருவில் பார்த்தார்கள் என்று தெரியும். எல்லா நாளும் ஒரே அளவு எழுதியிருந்தால் குழாயடிக்குப் போகாமல் எழுதியது.

வார்டு9

நன்றி, பம்ப்_ரூம். ரிலே விஷயம் யாரும் சொல்லாதது. 33-க்கு யாராவது வழி சொல்லுங்கள். குறிப்பில் "இரண்டு ஒப்பந்தப்புள்ளிகள் வரப்பெற்றன, குறைந்தது மதிப்பீட்டைவிட 4.8 சதவீதம் அதிகம், பேச்சுவார்த்தைக்குப் பின் 4.5" என்று இருக்கிறது. அதே பக்கத்தில் பொருள் 34-ம் அதே தெருதான், "மீதமுள்ள பகுதி 85 மீட்டர்".

அளவுப்புத்தகம்

33, 34 இரண்டையும் சேர்த்துப் படித்தது நல்ல கண். ஒரே தெருவை இரண்டு மதிப்பீடாக வெட்டுவது பெரும்பாலும் அனுமதி வரம்புக்குள் நிற்கத்தான். நிஜமான காரணமும் உண்டு, இரண்டு பகுதிக்கும் வேறு வேறு நிதியாக இருக்கலாம். எந்த நிதி என்று கேட்டாலே எது என்று தெரிந்துவிடும்.

டெண்டர்: தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மை விதிகள் 2000-ன்படி 2 கோடி வரை குறைந்தது 15 நாள் அவகாசம், அதற்கு மேல் 30 நாள். விளம்பரத் தேதியையும் கடைசித் தேதியையும் கேட்டுக் கழித்துப் பாருங்கள். நாள் குறைத்திருந்தால் அதற்கு மேலதிகாரி எழுத்துமூலம் கொடுத்த காரணம் கோப்பில் இருக்க வேண்டும். இரண்டு பேர்தான் வந்தார்கள் என்பது குற்றம் இல்லை. ஆனால் ஒவ்வொரு மாதமும் அதே இரண்டு பேர், ஒருவர் மாற்றி ஒருவர் குறைவு என்றால் கடந்த ஆறு மாதத் தீர்மானங்களை எடுத்து ஒரே தாளில் எழுதுங்கள். பேச வேண்டியதே இருக்காது, தாளைக் காட்டினால் போதும்.

இனி வேலையின் உள்ளே. உள் அகலம் 45 செ.மீ., ஆழம் 60, சுவரும் தரையும் 15 செ.மீ. என்று வைத்தால் ஒரு மீட்டருக்குக் கான்கிரீட்: இரண்டு சுவர் 0.18, தரை 0.1125, மொத்தம் 0.2925 கனமீட்டர். 120 மீட்டருக்கு 35 கனமீட்டர். மதிப்பீட்டுச் சுருக்கத்தில் 48 என்று இருந்தால் மூடி ஸ்லாபையும் அதில் சேர்த்தார்களா என்று கேளுங்கள். 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் 1 சதவீதத் தொழிலாளர் நல நிதியும் தனி வரிகளாக இருக்கும், அவை வேலைக்குள் போகாத பணம். அதனால் 9.60 லட்சத்தை அப்படியே 120-ஆல் வகுத்துப் பக்கத்துத் தெருவோடு ஒப்பிடாதீர்கள்.

இதெல்லாம் போகட்டும், கால்வாயில் நான் முதலில் கேட்பது "தண்ணீர் எங்கே போய் விழுகிறது?" 200-க்கு 1 சரிவு என்றால் 120 மீட்டரில் 60 செ.மீ. இறங்க வேண்டும். போய்ச் சேரும் பெரிய கால்வாயின் தரை அதைவிட மேலே இருந்தால் புதுக் கால்வாய் நீளமான தொட்டியாகிவிடும், கொசு வளரும். பணி ஆய்வாளரிடம் லெவல் (தரை மட்டத்தின் உயரம்) எடுத்த தாள் இருக்கிறதா? தொடக்கம், நடு, முடிவு என்று மூன்று எண் போதும். அது இல்லாமல் வந்த மதிப்பீட்டை ஒத்திவைக்கச் சொல்வது நியாயமான கோரிக்கை, யாரும் அரசியல் என்று சொல்ல முடியாது. பொருள் 34-ன் 85 மீட்டர் தாழ்ந்த பக்கம் என்றால் அதை முதலில் செய்ய வேண்டும். மேட்டிலிருந்து தொடங்கினால் இரண்டாவது ஒப்பந்தம் முடியும்வரை தண்ணீர் நடுத்தெருவில் நிற்கும்.

மினிட்_புக்

எல்லோரும் என்ன கேட்பது என்று எழுதிவிட்டீர்கள், கேட்டது பதிவாவதற்கு நான் எழுதுகிறேன்.

கூட்ட அறிவிப்பில் முழுதாக மூன்று நாள் என்பது பழைய சட்டக் காலத்திலிருந்து வரும் கணக்கு. கொடுத்த நாளும் கூட்ட நாளும் சேராது. அஜெண்டா கையில் கிடைத்த தேதியைப் போட்டுக் கையெழுத்திடுங்கள். "முன்தேதியிட்டுக் கையெழுத்து போடுங்க அண்ணே" என்பார்கள், போடாதீர்கள். கூட்டம் செல்லாது என்று பின்னால் வாதிடும் நிலை வந்தால் அந்த ஒரு தேதிதான் சாட்சி.

கூட்டத்தன்று மேஜையில் வைக்கும் கூடுதல் பொருள்களை முதலில் எண்ணுங்கள். சிக்கலானது பெரும்பாலும் அங்கேதான் நுழையும். அவசரம் என்றால் ஏன் அவசரம் என்ற காரணம் குறிப்பிலேயே இருக்க வேண்டும்.

"ஒன்று முதல் இருபது வரை" வாசிக்கத் தொடங்கும்போதே எழுந்து "19 தனியாக" என்று சொல்லிவிட வேண்டும், வாசித்து முடித்த பிறகு இல்லை. எதிர்ப்பை வாயால் மட்டும் சொன்னால் தீர்மானப் புத்தகத்தில் "ஏகமனதாக" என்றுதான் ஏறும். நான்கு வரியில், பொருள் எண், காரணம், "எனது ஆட்சேபத்தைப் பதிவு செய்யவும்" என்று எழுதி இரண்டு நகல் எடுத்து, ஒன்றைத் தலைவரிடம் கூட்டத்திலேயே கொடுத்து மற்றொன்றில் தபால் பிரிவு முத்திரை வாங்குங்கள். வெளிநடப்பு செய்தால் செய்தியில் படம் வரும், ஆனால் வெளியே போன பிறகு நிறைவேறிய பொருளுக்கு உங்கள் ஆட்சேபம் எதுவும் இருக்காது. 33-க்காகக் கோபப்பட்டு எழுந்து போனால் 34 முதல் 46 வரை இலவசமாகக் கொடுத்ததாக ஆகும்.

தீர்மான நகலை உறுப்பினராகக் கேட்டு வாங்கலாம். இழுத்தடித்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு எழுதுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். நகல் வந்ததும் கூட்டத்தில் வாசித்ததோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். "லெவல் தாள் பெற்று அனுமதிக்கலாம்" என்று பேசியது "அனுமதிக்கப்பட்டது" என்று சுருங்கியிருந்தால் அடுத்த கூட்டத்தின் முதல் பொருளில், சென்ற கூட்ட நடவடிக்கையை உறுதி செய்யும்போதே, திருத்தம் கேட்க வேண்டும். அந்த இடத்தை விட்டால் அது உறுதியாகிவிடும்.

இன்னொரு விஷயம், நீங்கள் குறிப்பு எழுதித் தருவதால் சொல்கிறேன். உறுப்பினர் யாரோ அவர்தான் உள்ளே உட்கார வேண்டும், பேச வேண்டும். குறிப்பு அவர் கையில் இருக்கட்டும், நீங்கள் வாசலில் இருங்கள். அவருக்குப் பதில் வீட்டுக்காரர் உட்கார்ந்து கேட்கும் கேள்வி எவ்வளவு சரியாக இருந்தாலும் தீர்மானப் புத்தகத்தில் அதற்கு இடம் இல்லை.

வார்டு9

ஒரு பக்கம் இப்படி முடிகிறது: 3 (நிலுவை தனியாக), 19 (கடைசிக் காயில் தேதி, பேனல், பழைய கம்பி), 24 (மாதம் 200 கிலோ என்ற வரி), 33–34 (நிதி, விளம்பரத் தேதி, லெவல் தாள்). 33-க்கு ஆட்சேபக் கடிதம் இரண்டு நகல் தயார். கூடுதல் பொருளுக்கு நான்கு வரி காலியாக விட்டிருக்கிறேன்.

பம்ப்_ரூம்

பேனல் போர்டைக் கூட்டத்துக்கு முன்னாலேயே ஒருமுறை உறுப்பினரை நேரில் பார்க்கச் சொல்லுங்கள். ஃபிட்டரோடு போய் ரிலே முள் எங்கே நிற்கிறது என்று படம் எடுத்துக்கொண்டால், "அதெல்லாம் சரியாகத்தான் இருக்கு" என்ற பதில் வராது.